பீல் மெட்ரோவுக்கு மேலே ஒரு கல்வீடு

மாண்ட்ரியால் போகிறோம், பழைய ஆங்கிலேயர் வீடுகளில் எதைப் பார்க்கலாம் என்று கேட்கிறீர்கள். நான் ஒன்றை விலைக்கு வாங்கவே போனேன். 1977 பிப்ரவரி. பிரிவினை கேட்கும் பிரெஞ்சுக்காரர் கட்சி ஆட்சிக்கு வந்ததால் ஆங்கிலேயக் குடும்பங்கள் வீடுகளை விற்றுவிட்டு டொராண்டோவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். என் மனைவி வசந்தாவுக்கு ஐந்தாம் மாதம். பிள்ளை பிறந்ததும் சொந்த வீட்டுக்குத்தான் வர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

பீல் மெட்ரோவில் இறங்கினால் மலைப்பக்கம் அரை மைல் ஏற்றம். மூச்சு வாங்கும், மெதுவாக ஏறுங்கள். வீடு முழுக்கச் சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல், சுவர் இரண்டடி கனம். முகப்பில் இழைத்த கல், பின்பக்கம் கரடுமுரடான கல். பணத்தைத் தெருவுக்குத்தான் காட்டியிருக்கிறார்கள்! வீட்டுத் தரகர் சாவியைக் கொடுத்துவிட்டுக் காரிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"நீங்கள் வரவில்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"நான் உள்ளே போவதில்லை" என்றார். சோம்பேறி என்று நினைத்துக்கொண்டேன்.

கதவை உள்ளே தாழிட்டு, நம் வழக்கப்படி பூட்ஸைக் கழற்றி வைத்தோம். குளிருக்குக் கோட்டு மட்டும் உடம்பிலேயே இருந்தது. கூடத்தில் அகலமான ஓக் மரப் படிகள். அதன் பின்னால் சுவர்க்காகிதம் ஒட்டி மறைத்த ஒரு கதவு. திறந்தால் ஒரே ஆள் நுழையும் படிக்கட்டு, நிலவறையிலிருந்து மேல்மாடி வரை. வேலைக்காரர்கள் யார் கண்ணிலும் படாமல் வேலை பார்க்க ஏற்பாடு. கட்டடப் பொறியாளனான எனக்கு அது பிரமாதமாகப் பட்டது. வசந்தா முகம் சுளித்தாள்.

மேல்மாடி குழந்தைகளுக்கானது. ஜன்னல்களில் இரும்புக் கம்பி. வீட்டில் மிச்சமிருந்த ஒரே சாமான் அங்கேதான் கிடந்தது: ஆயா உட்கார்ந்து குழந்தைக்குப் பால் புகட்டுகிற, கைப்பிடி இல்லாத குட்டை நாற்காலி.

இறங்கி வந்தால் அந்த நாற்காலி வாசற்கதவுக்கு உள்ளே, பூட்ஸ் கழற்றிய இடத்தில் இருந்தது. பக்கத்தில் வசந்தாவின் பூட்ஸ், தெருப்பனிக்குத் தூவும் உப்பின் கறை துடைத்து, கொக்கி அவிழ்த்து, கால் நுழைக்கத் தயாராக. என்னுடையது சேறோடு அப்படியே கிடந்தது. போட்ட தாழ் போட்டபடி. பேய் பிசாசை நம்புகிற ஆளில்லை நான். ஆனாலும் தாழை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன்.

வசந்தா அதில் உட்காரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே மாட்டினாள்.

"பிடித்திருக்கிறதா?" என்றார் தரகர். நான் வாயைத் திறக்குமுன் "வேண்டாம்" என்றாள்.

மெட்ரோவில் மெல்லக் கேட்டேன். "பயந்துட்டியா?"

"நான் கோட்டு கழட்டவே இல்லைங்க. மாசமா இருக்கிறதைத் தரகர்கிட்டகூடச் சொல்லலை. அந்த வீட்டுல இருக்கிறவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "அந்த வீட்டுக்குக் கொண்டுபோனா, பிள்ளையை என் கையில குடுக்க மாட்டாங்க."

டொலார்-டெ-ஓர்மோ என்ற புறநகரில் பலகைச் சுவர் வீடு ஒன்று வாங்கினோம். எல்லாருக்கும் ஒரே படிக்கட்டு.

கல்வீடு இன்னும் நிற்கிறது. காலை வெயிலில் கல்லின் வேலைப்பாடு நன்றாகத் தெரியும். எதிர் நடைபாதையில் நின்று பார்த்தால் போதும், கட்டணமில்லை. குழந்தையோடு போகிறவர்கள் அதன் கையை விட்டுவிடாதீர்கள்.