கதவு நிலையில் ஒளிந்திருந்த மூன்று சென்டிமீட்டர்

இரண்டு வருடங்களுக்கு முன், மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. சிங்கப்பூரில் ஒரு பெரிய கேளிக்கைப் பூங்கா. நேரம் காலை பத்து நாற்பது. இதை நான் ஞாபகத்திலிருந்து சொல்லவில்லை, டைரியில் இருக்கிறது. இருபத்திரண்டு வருடங்களாக ஒரு நாள்கூட விடாமல் டைரி எழுதுகிறவன் நான்.

பெருங்களத்தூரில் எங்கள் வீடு. நான், மனைவி, ஒன்பது வயது மகள். எங்களுக்கு அதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். மகளைப் பொறுத்தவரை சிங்கப்பூர் என்றால் அந்தப் பூங்காவின் ரோலர் கோஸ்டர். அதில் ஏற நூற்று இருபத்தைந்து சென்டிமீட்டர் உயரம் வேண்டும் என்று போட்டிருந்தார்கள். டிக்கெட் எடுக்கும் முன்பே வீட்டில் அளந்தேன். நூற்று இருபத்தேழு. "தாராளமா ஏறலாம்" என்றேன். அன்றே பள்ளி வேனில் எல்லோருக்கும் செய்தி போய்விட்டது.

எங்கள் வீட்டில் உயரம் பார்ப்பது சமையலறைக் கதவு நிலையில். மகள் எழுந்து நிற்கத் தொடங்கிய வாரத்தில், தரையிலிருந்து டேப் பிடித்து, ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் பென்சிலால் கோடு போட்டு, நூற்றைம்பது வரை எண் எழுதிவைத்தேன். ஒவ்வொரு பிறந்த நாளன்றும் அவளை அங்கே நிறுத்தி, தலைமேல் ஸ்கேல் வைத்துப் பார்த்து, டைரியில் குறிப்பேன். எட்டாவது பிறந்த நாளில், ஒரே வருடத்தில் ஒன்பது சென்டிமீட்டர் வளர்ந்திருந்தாள். அப்போதுதான் கேழ்வரகுக் கஞ்சி கொடுக்க ஆரம்பித்திருந்தோம். 'கஞ்சியின் பலன்' என்று எழுதி அடிக்கோடு போட்டேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தினமும் கஞ்சி கட்டாயம். மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள்.

பூங்காவில் நாற்பது நிமிடம் வரிசையில் நின்றோம். மனைவியும் மகளும் ஏறுவது, நான் கீழே பைகளோடு நிற்பது என்று ஏற்பாடு. பொருட்காட்சி ராட்டினத்திலேயே கண்ணை மூடிக்கொள்கிறவன் நான். வாசலில் ஓர் அளவுக் கம்பம். பக்கத்தில் நின்ற பணியாளர் தமிழ்ப் பெண். மகளை நிறுத்திப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"சாரி சார், ஒரு சென்டி கம்மியா இருக்கு."

"இருக்காதும்மா. நூத்தி இருபத்தேழு. நான் அளந்திருக்கேன்." டைரியை எடுத்துப் பக்கத்தைக் காட்டினேன்.

"ஏங்க, டைரியைக் காட்டினா உயரமாயிடுவாளா?" என்றாள் மனைவி.

மறுபடி அளந்தார்கள். நூற்று இருபத்து நான்கு. எனக்குக் கம்பத்தின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. விமானத்துக்கான கைப்பையின் அளவைச் சரிபார்க்க டேப் ஒன்று கொண்டுவந்திருந்தேன். குனிந்து அந்தக் கம்பத்தையே அளந்தேன். பின்னால் வரிசையில் சிரித்தார்கள். கம்பம் மில்லிமீட்டர்கூடப் பிசகவில்லை. மகள் என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. "நீ தாராளமா ஏறலாம்னு சொன்னியேப்பா" என்றாள்.

ஓரமாக ஒதுங்கி நின்றோம். திடீரென்று மனைவி என் கையைப் பிடித்தாள்.

"ஏங்க... டைல்ஸ்!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மகளுக்கு எட்டு வயது ஆவதற்குச் சில மாதங்கள் முன்புதான், பழைய மொசைக் தரையின் மேலேயே டைல்ஸ் போட்டோம். தரை உயர்ந்தது; கதவு நிலையில் இருந்த என் கோடுகள் உயரவில்லை. புதுத் தரையில் இடித்த கதவின் அடியை மூன்று சென்டிமீட்டர் அறுக்கச் சொல்லித் தச்சருக்கு அளந்து கொடுத்தவனும் நான்தான். அதுவும் டைரியில் இருக்கிறது!

மகளிடம் இதைச் சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன். அவள் விரல் விட்டு எண்ணினாள்.

"அப்போ ஒன்பதுல மூணு டைல்ஸா?"

"ஆமாம்மா."

"அப்போ அந்தக் கஞ்சியெல்லாம் வேஸ்டாப்பா?"

மனைவிதான் முதலில் சிரித்தாள். அப்புறம் மகள். அழுத கண்ணோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் தீர்ப்புச் சொன்னாள்.

"அப்பா, எனக்குப் பதிலா நீ போ."

"நானா? அம்மா போகட்டுமே."

"அம்மா சூப்பரா இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுவா. நீதான் எல்லாத்தையும் கரெக்டா எழுதுவ."

"இப்பத்தானே மூணு சென்டி தப்பா எழுதினேன்?"

"அளந்ததுதான் தப்பு. எழுதினது கரெக்ட்."

பைகளை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனேன். அந்தப் பணியாளர், வண்டி நன்றாகத் தெரியும் வேலி ஓரத்தில் மனைவியையும் மகளையும் நிற்க வைத்தார். என்னிடம் கண்ணாடி, கைக்கடிகாரம், டைரி, பேனா எல்லாவற்றையும் கழற்றி வைக்கச் சொல்லிவிட்டார்கள். எத்தனை முறை கீழே பாய்கிறது என்றாவது எண்ணிக்கொண்டு வந்து சொல்லலாம் என்று ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தேன். நான்குக்கு அப்புறம் எண்களெல்லாம் எங்கோ பறந்துவிட்டன. கத்தினேன். வாழ்க்கையில் அப்படி நான் கத்தியதே இல்லை. பயம் எந்த இடத்தில் சிரிப்பானது என்று தெரியவில்லை. வேலியைக் கடந்தபோது, கண்ணாடி இல்லாத கண்ணுக்கு, மஞ்சள் சட்டை ஒன்று குதிப்பது மட்டும் தெரிந்தது. அது என் மகள்.

இறங்கி வந்தேன். "சொல்லுப்பா, சொல்லு!" என்று பிடித்துக்கொண்டாள். சொல்ல என்னிடம் ஒரு தகவலும் இல்லை. கையால் மேலே காட்டினேன், கீழே காட்டினேன், "ஊ..." என்றேன். அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். பெஞ்சில் அமர்ந்து டைரியைத் திறந்தேன். தேதியும் நேரமும் மட்டும் எழுதினேன். அவளே பேனாவைப் பிடுங்கி எழுதினாள்: 'அப்பா ரொம்ப கத்தினார். அப்பா அழகாக இருந்தார்.'

ஊருக்கு வந்ததும் கோடுகளை அழித்துவிட்டு, டைல்ஸிலிருந்து புதிதாகப் போட்டேன். பழைய நூற்று இருபத்தேழை மட்டும் அழிக்கக் கூடாது என்று மகள் உத்தரவு. இப்போது அவள் அதையும் தாண்டிவிட்டாள். காலையில் கஞ்சி கிடையாது, தோசைதான்.

இப்போதெல்லாம் எதை அளந்தாலும் ஒரு முறை குனிந்து தரையைப் பார்த்துக்கொள்கிறேன்; ஆனாலும் அன்று நான் சரியாக அளந்திருந்தால், இருபத்திரண்டு வருட டைரியில் என் மகளின் கையெழுத்தில் அந்த இரண்டு வரிகள் இருந்திருக்காது என்று நினைக்கும்போது, அந்த மூன்று சென்டிமீட்டர் பிழைக்கு நன்றி சொல்லத்தான் தோன்றுகிறது.