பாகம் பிரிந்த புரோகிராம்

போன செவ்வாய்க்கிழமை காலையில் மோகனூரிலிருந்து நாச்சிமுத்து வந்தார். கையில் ஒரு அட்டை முட்டை.

"ஐயா, ஒண்ணு எடுத்துப் பாருங்க. அமுக்கீறாதீங்க!"

எடுத்தேன். ஓடு, ஓடாகவே இல்லை... ஈரக் காகிதம் போல விரலுக்கு வளைந்து கொடுத்தது.

"கேரளாவுக்கு ஏத்துற லாரிக்காரன் அடுத்த லோடும் இப்புடி இருந்தா இந்தப் பக்கமே வாரதில்லைன்னுட்டான். உங்க கம்ப்யூட்டர் என்னைய ஊட்டுல உக்கார வெச்சிருமாட்ட இருக்குதுங்க."

உங்கள் கம்ப்யூட்டர்! கோழிக்கும் கணிதப் பேராசிரியனுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பது நியாயமே.

நாச்சிமுத்துவும் அவர் அண்ணன் பொன்னுசாமியும் முன்பு ஒரே பண்ணையாக இருந்தவர்கள். உறவினர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து ஒரு சின்னக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து கொடுத்தார். டெலிவிஷனோடு இணைக்க வேண்டும். புரோகிராமை டேப் ரெக்கார்டரிலிருந்து ஏற்ற வேண்டும். கோழித் தீவனத்தில் மக்காச்சோளம் எவ்வளவு, பிண்ணாக்கு எவ்வளவு, முட்டை ஓட்டைக் கெட்டியாக்கும் கிளிஞ்சல் எவ்வளவு என்று கணக்கிடும் புரோகிராமை அதற்கு எழுதிக் கொடுத்தவள், என்னைப் போலவே கணிதம் கற்பித்த என் மனைவி. அவளைப் பற்றி இந்தப் பத்திரிகைப் பகுதியில் நான் எழுதியதில்லை. இன்றும் அதிகம் எழுதப்போவதில்லை. புரோகிராமை எழுதிய ஆண்டின் மார்கழியிலேயே அவள் காலமாகிவிட்டாள். புரோகிராம் என் பொறுப்புக்கு வந்தது.

பிறகு சகோதரர்கள் பாகம் பிரிந்தார்கள். ஷெட்டுகளுக்கு நடுவே கம்பி வேலி. கிணற்றுக்கு முறை. பழைய கம்ப்யூட்டர் தம்பிக்கு. அண்ணன் விடுவாரா? ஃபிளாப்பி போடுகிற பெரிய இயந்திரமாகப் புதிதாக வாங்கினார். ஆக, புரோகிராமும் பாகம் பிரிந்தது!

இரண்டு இயந்திரத்துக்கும் பேசிக் என்ற ஒரே மொழிதான். ஆனால் ஆத்தூர்க்காரரும் திருச்செங்கோட்டுக்காரரும் பேசுவதும் ஒரே தமிழ்தானே? ஒன்று ஏற்கும் கட்டளைக்கு மற்றது முகம் திருப்பிக்கொள்ளும். எந்தத் திருத்தத்தையும் நான் இரண்டு விதமாக எழுத வேண்டும். அதைக்கூடச் சமாளித்துவிடலாம் — பங்காளிகளை எப்படிச் சமாளிப்பது?

சென்ற வருடம் அண்ணன் பண்ணையில் ஓடு மெலியத் தொடங்கியதும் திருத்திக் கொடுத்தேன். கோழிக்கு வயது ஏற ஏற அதிகக் கிளிஞ்சல் வேண்டும். மூலத்திலோ எல்லா வயதுக்கும் ஒரே அளவு. அவள் எழுதியபோது பண்ணையில் இருந்தவை எல்லாம் அப்போதுதான் முட்டையிடத் தொடங்கிய இளம் கோழிகள். அவற்றுக்கு வயதாகி அவள் பார்க்கவில்லை.

அதே திருத்தத்தை அப்போதே தம்பிக்கும் தருவதாகச் சொன்னேன்.

"அண்ணன் ஊட்டுத் திருத்தம் எனக்கு வேண்டாமுங்க," என்றுவிட்டார். அவருடைய கோழிகள் அப்போது இளசு. இப்போது அவற்றுக்கும் வயதாகிவிட்டது.

அவருடைய வேனிலேயே மோகனூர் போனோம். வேலிக்கு அந்தப்புறம் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டி நின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்கய்யா, சின்னவனுக்கு இப்பத்தான் புத்தி வந்துச்சாட்ட இருக்குது?"

"அந்தப் பக்கம் திரும்பாதீங்கய்யா. வாங்க, டீ சாப்பிடலாம்," என்றார் தம்பி. பிறகு என் காதருகே, "அவரு வெச்சிருக்கிறதயே அப்புடியே போட்டுறாதீங்க. எதாச்சும் ஒண்ணு மாறி இருக்கோணும்."

திருத்தத்தை அடிக்கத் தொடங்கினேன். பாதியில் திரை மறுத்தது: இடம் இல்லை. சின்ன இயந்திரம், மெமரி நிரம்பிவிட்டது. தலைப்புகளைச் சுருக்கினேன். திரையில் வரும் 'வணக்கம்' கூடப் போயிற்று. போதவில்லை.

என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. பழைய வரியை நான் அழிப்பதில்லை. அதன் முன்னால் 'இது வெறும் குறிப்பு' என்று பொருள்படும் ஒரு சொல்லைச் சேர்த்துவிடுவேன். இயந்திரம் அதைத் தாண்டிப் போய்விடும். வரி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். அண்ணனின் ஃபிளாப்பியில் அப்படித்தான் இருக்கிறது. அங்கே இடத்துக்குப் பஞ்சமில்லை.

இங்கே பஞ்சம் இருந்தது. கிளிஞ்சல் கணக்கின் அந்தப் பழைய வரி நீளமானது. டேப்பில் வேறு பிரதி வைக்கலாமே என்பீர்கள். புரோகிராம் இருந்த பழைய டேப், ஏற்றி ஏற்றித் தேய்ந்து, அன்று காலைதான் கடைசி முறையாகப் படித்தது. இனி இயந்திரத்தில் இருப்பதுதான் பிரதி. புது டேப்பில் பழையதையும் சேர்த்து வைத்தால் என்றாவது ஒரு நாள் அதுவே ஏறிவிடும்.

ஒரு வரியை அழிப்பது மிகச் சுலபம். அதன் எண்ணை மட்டும் அடித்து, பொத்தானை அழுத்த வேண்டும். வேறொன்றும் செய்ய வேண்டாம்.

டீ ஆறிப்போனதை நாச்சிமுத்துதான் கவனித்தார். "வேற கொண்டாரச் சொல்லட்டுங்களா?"

வேண்டாம் என்றேன். எண்ணை அடித்தேன். அழுத்தினேன்.

திருத்தம் முழுவதும் உள்ளே போயிற்று. புது டேப்பில் பதிந்து கொடுத்தேன்.

இந்தச் செவ்வாய் மறுபடியும் ஒரு அட்டை முட்டையோடு வந்தார். மேசையில் தட்டிப் பார்த்தேன், கெட்டியான சத்தம். லாரிக்காரர் லோடு ஏற்றிப் போய்விட்டாராம். ஆனால் நாச்சிமுத்து வந்த காரியம் அதுவல்ல.

"ஐயா, அண்ணனோடதுக்கும் எனக்கும் எதாச்சும் வித்தியாசம் வெச்சீங்களா?"

"வைத்தேன். அவரிடம் என் மனைவி எழுதிய பழைய வரி ஒன்று இன்னும் இருக்கிறது. உங்களிடம் இல்லை."

"அப்ப எனக்குத்தான் புதுசுங்களா!"

முகமெல்லாம் சிரிப்பாகப் போனார். குறைந்துபோனதை வைத்தும் ஒரு மனிதர் சந்தோஷப்படலாம் — எனக்கு இது புதுச் செய்தி.