அத்தை நட்ட ரோஜாக் குச்சி

எங்கள் வீட்டு ஆட்களுக்கு ஒரு செடியைச் சும்மா விடத் தெரியாது. இன்றைக்கும் அப்படித்தான். தொட்டிக் கறிவேப்பிலைக்கு மூன்று வேளையும் தண்ணீரை ஊற்றிவிட்டு, இலை ஏன் மஞ்சளாகிறது என்று மருமகள் என்னிடமே வந்து கேட்கிறாள். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள்தான். ஆனால் தொட்டிச் செடி விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பத்து வயதிலேயே ஒரு ரோஜாவைப் பிழைக்க வைத்தவள் நான்.

அப்போது நாங்கள் அதியமான்கோட்டைப் பக்கம் இருந்தோம். கம்பைநல்லூரில் கட்டிக்கொடுத்திருந்த அத்தை, அப்பாவின் தங்கை, ஒரு நாள் துணி மூட்டையோடு தனியாக வந்து நின்றாள். முழங்கையில் சூடுபட்ட தழும்பு. களிப்பானை சுட்டுவிட்டது என்றாள். எப்போது திரும்பிப் போகிறாய் என்று அப்பா கேட்கக் கேட்க, ஓட்டைச் சட்டி ஒன்றில் ரோஜாக் குச்சியை நட்டு வைத்தாள்.

"இது பூக்கட்டும்ணா. மொதப் பூவ இவ தலைல வெச்சுட்டு நான் கெளம்பறேன்," என்று என்னைக் காட்டிச் சொன்னாள்.

அப்பாவும் சரி என்றுவிட்டார். எங்கள் தெருவில் ரோஜா வைத்த தலை ஒன்றுகூடக் கிடையாது. அன்றிலிருந்து எனக்கு அந்தச் சட்டியைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

குச்சி துளிர்த்தது. பிறகு இலை மஞ்சளாகி உதிர ஆரம்பித்தது. உடனே வீடே வைத்தியம் பார்க்கக் கிளம்பிவிட்டது. கோடையில் ஒரு குடம் தண்ணீருக்கு அரை மைல் நடக்கிற ஊர் எங்களுடையது. கை கழுவின தண்ணீரைத் தரையில் கொட்டினால் அம்மா முதுகில் ஒன்று வைப்பாள். அரிசி களைந்தது, பாத்திரம் அலசினது, வாய் கொப்பளித்தது, எல்லாம் அந்தச் சட்டிக்கே போனது. ஊட்டம் பத்தவில்லை என்று அப்பா பச்சைச் சாணியை அப்பினார். அம்மா கடலைப் புண்ணாக்கைக் கரைத்து ஊற்றினாள். எறும்பு மொய்த்தது, நாற்றம் எடுத்தது.

"ஆரும் தண்ணி ஊத்தாதீங்க!" என்று கத்தினேன்.

"வாடிக் கெடக்குதுடி. பாத்துக்கிட்டு நிக்கச் சொல்றியா?" என்றாள் அம்மா.

இத்தனைக்கும் நடுவில் அத்தை மட்டும் ஒரு மூலையில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். நட்டவளுக்கே அக்கறை இல்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஒரு மத்தியானம் பொறுக்க முடியாமல் சட்டியைக் கவிழ்த்துவிட்டேன். உள்ளே கருஞ்சேறு. வேர் நுனியெல்லாம் அழுகியிருந்தது. அடி ஓட்டையில் ஒரு துணிச் சுருளை இறுக்கி அடைத்திருந்தார்கள். ஊற்றின தண்ணீர் எங்கே போகும்? நீலத்தில் மஞ்சள் பொட்டு, அத்தையின் பழைய சேலைக் கிழிசல். மண் ஒழுகாமல் இருக்க அடைத்திருக்கிறாள், இவளுக்கும் விவரம் இல்லை என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

துணியைப் பிடுங்கி எறிந்தேன். ஓட்டை மேல் ஓட்டாஞ்சில்லு வைத்து, அழுகின வேரைக் கிள்ளி, புது மண்ணோடு மக்கின ஆட்டுப் புழுக்கையைக் கலந்து நட்டு, நிழலில் வைத்தேன். தினமும் ஒரு ஈர்க்குச்சியை மண்ணில் குத்திப் பார்ப்பேன். மண் ஒட்டிக்கொண்டு வந்தால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. செம்போடு வருகிறவர்களிடமெல்லாம் சண்டை போட்டுச் சட்டியைக் காத்தேன்.

ஒன்றரை மாதத்தில் மொட்டு வந்தது. வீடு முழுக்க ஓடி ஓடிச் சொன்னேன். அத்தையின் கையில் முறம் அப்படியே நின்றது.

பூ விரிந்த அன்று காலையிலேயே அப்பா அவள் மூட்டையை எடுத்து வாசலில் வைத்துவிட்டார். அத்தை பூவைப் பறித்து என் தலையில் வைத்தாள். அதற்குள் இரண்டு தரம் கீழே நழுவவிட்டாள். முள் குத்தியிருக்கும் என்று நினைத்தேன்.

"அடியக் கவுத்துப் பாத்தியாடி?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"பாத்தேன் அத்தே. துணி அடச்சிருந்துச்சு. நாந்தான் புடுங்கிப் போட்டேன்."

அத்தை முழங்கைத் தழும்பைச் சேலைத் தலைப்பால் இழுத்து மூடிக்கொண்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அப்பா சத்தம் போட்டார். ஊருக்குப் போகிற சந்தோஷத்தில் சேலையைச் சரிசெய்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, பூவைக் காட்டத் தெருவுக்கு ஓடிவிட்டேன்.