பிரசாதம் ஆகாரமில்லை

செய்தி வந்தபோது காலை மணி பத்தேகால். மட்டாஞ்சேரி மிளகுக் கிட்டங்கியில் வெங்கிட்டு சாக்குகளுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தான். எரணாகுளத்திலிருந்து போட்டில் வந்த ஆஸ்பத்திரி ஆள், அண்ணா ராமபத்ரனின் இதயம் தூக்கத்திலேயே நின்றுவிட்டது என்றான்.

வெங்கிட்டு நம்பவில்லை. என்ன மறைக்கிறான் என்று அவன் முகத்தையே பார்த்தான்.

ராமபத்ரன் அதே கிட்டங்கியில் இருபத்தாறு வருஷம் எடை போட்டவர். சாக்கைக் கையால் தூக்கிப் பார்த்தே, "இதுல அரைக் கிலோ மண்ணாக்கும்" என்று தரகர்களை ஓட்டுவார். அவருடைய எடையோ நூற்றிருபத்தெட்டு கிலோ. அறுபத்துநாலாம் வருஷம் அவருக்குக் குடல் இறங்கியது. இருபது கிலோவாவது குறையாமல் கத்தி வைக்க முடியாது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியிலேயே படுக்கவைத்து, நாளைக்கு நானூறு கலோரி மட்டும்: ஆடை எடுத்த பால், வேகவைத்த காய், வைட்டமின் மாத்திரை. காலையில் நாடி, ரத்தம், எடை.

"பட்டினி கிடக்கறதுக்கு ஒரு டாக்டரா? ஏகாதசிக்கு யாருடா வந்து நாடி பார்த்தா?" என்று சிரித்தார் அண்ணா.

பத்து நாளில் ஒன்பது கிலோ இறங்கியது. அப்புறம் முள் அசையவில்லை. டாக்டர் எல்லோரையும் சந்தேகித்தார். மன்னி லோகாம்பாள் வார்டு ஆயாவைச் சந்தேகித்தாள். அண்ணா சந்தேகித்தது தராசை.

"அதுக்குத்தான் சீக்கு. கிட்டங்கிலேர்ந்து படிக்கல் கொண்டு வாடா."

வெங்கிட்டு இருபது கிலோ கல்லைப் போட்டில் சுமந்துபோய் வைத்துப் பார்த்தான். தராசு சரியாக இருந்தது. அன்று சாயங்காலம் வார்டில் மன்னியின் முந்தானைக்குள் ஓர் இலைப் பொதி தெரிந்தது.

"என்ன மன்னி அது?"

"பிரசாதம். உங்கண்ணாவுக்காக நாப்பத்தோரு நாள் கோவில்ல நெய்யும் வெல்லமுமா கடும்பாயசம் நேர்ந்திருக்கேன்."

"ஒண்ணும் தரலைன்னு டாக்டர்கிட்ட சத்தியம் பண்ணினேளே!"

"ஆகாரம் தரலை. பிரசாதம் ஆகாரமா?"

"அதை யாருடா தராசுல வெப்பா?" என்றார் அண்ணா, விரலை நக்கியபடி.

இருவர் முகத்திலும் பொய் இல்லை. வெங்கிட்டுவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. மறுநாள் டாக்டரிடம் சொல்லிவிட்டான். டாக்டர் கோபிக்கவில்லை. எந்தெந்த நாள், எத்தனை கரண்டி என்று மன்னியை எழுதித் தரச் சொன்னார். வார்டுக்குள் யாரும் வரக்கூடாது என்று உத்தரவு போட்டு, நானூறு கலோரியை முதல் நாளிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். ஐந்தாம் நாள்தான் அந்தச் செய்தியோடு கிட்டங்கிக்கு ஆள் வந்தது.

கொழுப்பு மூடிய இதயம், எப்போது வேண்டுமானாலும் நிற்கக்கூடியது என்றார் டாக்டர். அப்படியானால் தினமும் நாடி பிடித்தது எதற்கு? பாயசம் கொன்றதா, பட்டினி கொன்றதா? பாயசத்தை நிறுத்த வைத்தவன் யார்? கடைசிக் கேள்வியை வெங்கிட்டு யாரிடமும் கேட்கவில்லை. மன்னி அவனிடம் கேட்கவுமில்லை. பதின்மூன்று நாளும் அவன் முகத்தைப் பார்க்காமலே சாதம் போட்டாள்.

டாக்டர் கேட்ட காகிதம் அவரிடம் போகாமலே வீட்டு அலமாரியில் கிடந்தது. பாயசம் கொடுத்த பதினாலு நாளில் ஒன்பதுக்குத்தான் மன்னி கரண்டிக் கணக்கு எழுதியிருந்தாள். பத்தாவதற்குத் தேதி மட்டும் இருந்தது.