கம்ப்யூட்டருக்குப் பால் காய்ச்சிய வெள்ளிக்கிழமை

எங்கள் ஊர் பீங்கான் கம்பெனி முதலாளிகள் ஒன்றுகூடி, எல்லோருடைய சரக்கு விவரத்தையும் ஒரே கம்ப்யூட்டருக்குள் கொண்டுவருவது என்று முடிவெடுத்தார்கள். மண் வந்து இறங்குவதிலிருந்து சாமான் லாரி ஏறும்வரை எல்லாம் அதில் ஏற வேண்டும். சென்னையிலிருந்து வந்த இன்ஜினியர்களிடம் வேலை வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பத்தாவதுதான் படித்தவன். பழமலைநாதர் மேல் பாரத்தைப் போட்டு ஒப்புக்கொண்டேன்.

ஒரு கம்பெனி பொம்மையைச் செட்டாக எண்ணும், அடுத்தது உருப்படியாக எண்ணும். கேட்டுக் கேட்டுச் சொல்லியே உடம்பு ஓய்ந்தது.

தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் ஆரம்பிப்பதென்று நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின வாரம் சோதித்தபோது செகண்ட்ஸ் கணக்கு உதைத்தது. எங்களுக்குச் செகண்ட்ஸ் என்றால், கீறலோ புள்ளியோ விழுந்து விலை குறைத்து விற்கும் சாமான். இன்ஜினியர்களில் வேலையை முன்நின்று நடத்திய பெண் அதைச் சூளை எரியும் நேரம் என்று நினைத்துவிட்டாள்.

"முந்நூறு செகண்ட்ஸ்னு போட்டா அஞ்சு நிமிஷம்னு மாத்திடுது சார்," என்றாள். முகம் வாடியிருந்தது. "எல்லா ரிப்போர்ட்லயும் இது இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள முடியாது."

நாள் தள்ளினால் பாதிப் பேர் கழன்றுகொள்வார்கள், வேலையே நின்றுபோகும். மூத்த முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

"அஞ்சு நிமிஷமா? நம்ம சரக்கோட ஆயுசு அவ்ளோதானா?" என்று சிரித்தவர் உடனே கடுகடுத்தார். "குறிச்ச நாளைத் தள்ளுனா அபசகுனம்னு ஓடிருவாங்க. இன்னும் நாலு பேர வரவழைச்சு முடிங்க."

"புதுசா வர்றவங்களுக்கு இந்தப் பொண்ணுதாங்க சொல்லிக் குடுக்கணும். நடக்குற வேலையும் நின்னுரும்."

"அப்ப என்னாதான் பண்றது?"

களைப்பில் வாயில் வந்ததைச் சொன்னேன். "புது வூட்டுல நல்ல நாளா பார்த்துப் பால் காய்ச்சிட்டு, பூச்சு வேல முடிஞ்ச பொறவு குடி போறதில்லைங்களா? அந்த மாதிரி, வெள்ளிக்கிழமை உங்க கம்பெனி மட்டும், நல்ல சரக்கு மட்டும் ஏத்துவோம். மத்தது பொறவு."

அவர் போனைக் கையில் எடுத்தார். "மத்தவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்," என்றார்.

வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டருக்குக் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினோம். மின்கம்பத்தில் மாட்டும் பீங்கான் இன்சுலேட்டர் ஒரு லோடு பதிவாயிற்று. முதலாளிகள் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். யாரும் விலகவில்லை. அந்தப் பெண் கை கழுவிய ஈரத்தோடு திரையின் முன் போய் உட்கார்ந்தாள். நானும் நாற்காலியை இழுத்துப் போட்டேன். இப்படி இன்னும் எத்தனை சொல் கிடக்கிறதோ என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். சூளைக்குப் போகாத சாமானை நாங்கள் பச்சை என்போம்.

"ஏம்மா, பச்சைன்னா என்னான்னு போட்டிருக்கீங்க?"

"கலர்தானே சார்?"

ஈசுவரா என்று கண்ணை மூடிக்கொண்டேன்.