பலகையில் ஏறாத இரண்டு புள்ளிகள்

கல்லூரிக் கூடைப்பந்து அரங்கில் எல்லோருக்கும் அவர் ‘பலகை அக்கா’. பகலில் அதே கல்லூரியின் ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவி அடுக்குவார். போட்டி நாளில் மேசைக்கு வந்து, பந்து கூடையில் விழ விழப் பொத்தானை அழுத்திப் பலகையில் புள்ளியை ஏற்றுவார். பதினெட்டு ஆண்டில் ஒரு புள்ளி தவறியதில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்களே, அது அரையிறுதியில் நடந்தது.

பதினொரு விநாடி பாக்கி. கல்லூரி அணி அறுபத்தொன்று, எதிரணி அறுபது. எதிரணிக்காரி பந்தோடு வந்து மோதியதில் கல்லூரி அணியின் பன்னிரண்டாம் எண் பெண் குப்புற விழுந்தாள். மூன்று வருடமாக ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் மேசைப் பக்கம் வந்து, “என்னக்கா, இன்னைக்கு உங்க விரல் வலிக்கிற அளவுக்குப் போடட்டுமா?” என்று கேட்கிறவள். எழுந்திருக்கிறாளா என்று அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் பந்து கூடைக்குள் போய்விட்டது. பலகையில் எதிரணியின் அறுபது அப்படியே நின்றது.

விழுந்து கிடந்தவளும் அதைப் பார்க்கவில்லை. எழுந்தாள். பந்து கைக்கு வந்தது. அண்ணாந்து பலகையைப் பார்த்தாள், ஒரு புள்ளி முன்னிலை. நேரத்தைக் கடத்தினால் போதும் என்று பந்தைத் தட்டிக்கொண்டே நின்றாள். பயிற்சியாளர் கத்தியது இரைச்சலில் கேட்கவில்லை. பக்கத்தில் தாளில் கணக்கெழுதும் பெரியவர், “அறுபத்திரண்டு போடலையாம்மா?” என்றார். அக்கா பதறிப் பொத்தானை அழுத்தவும் முடிவு மணி அடிக்கவும் சரியாக இருந்தது. தாளில் உள்ளதுதான் செல்லும். தோல்வி.

நேரலையில் பார்த்தவர்களுக்கோ திரை ஓரத்தில் சரியான எண்ணே தெரிந்தது. தோற்றுக்கொண்டிருக்கும்போது ஒருத்தி சும்மா பந்து தட்டுவதைத்தான் அவர்கள் பார்த்தார்கள். அன்றே இணையத்தில் ஆரம்பித்தது வசவு. ‘மேட்சை வித்துட்டா’ என்பது அதில் மரியாதையானது. ஒருவர் அவள் விடுதி அறை எண்ணையே போட்டிருந்தார்.

நான்கு நாள் அவள் பயிற்சிக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் பயிற்சியாளர் ஆய்வக வாசலில் நின்று சொன்னார்: “நாளைக்கு அணியிலருந்து பேரை எடுத்துடச் சொல்லிட்டாக்கா. பலகையைத் தப்பாப் படிச்சிட்டேன்னு ஒரே அழுகை.”

அக்கா கழுவின குடுவையையே மறுபடி கழுவினார்.

சாயங்காலம் வீட்டில், பேருந்து ஓட்டும் கணவர் சாப்பிட உட்கார்ந்ததும் அக்கா சொன்னார்: “அந்தப் பொண்ணு தப்பாப் படிக்கலைங்க. நான்தான் தப்பா விட்டேன்.”

கணவரின் கை தட்டிலேயே நின்றது. “வெளிய மூச்சு விடாதே. கிழிச்சுத் தொங்கவிட்டுடுவாங்க.”

“யாரு?”

“எல்லாரும்தான்.” கொஞ்சம் தண்ணீர் குடித்தார். “நான்கூட அவளைத் திட்டி ஒண்ணு எழுதினேன்.”

“என்னன்னு?”

“எண்ணத் தெரியாத கழுதைன்னு.”

“அந்தக் கழுதைகூடத்தான் இருபத்திரண்டு வருஷமா குடும்பம் நடத்துறீங்க.”

அவர் கையைக் கழுவிவிட்டுப் போனை எடுத்தார். “இந்தா, அழிச்சிட்டேன்.”

“அழிச்சாப் போதாது. அப்படியே போனைப் பிடிச்சுப் படம் எடுங்க, நான் பேசறேன்.”

“பலகை வேலை போயிடும்டி.”

“போகட்டும். அவ போகக் கூடாது.”

முகம் கழுவவில்லை, சேலை மாற்றவில்லை. சமையலறைச் சுவரில் சாய்ந்து பேசினார்: “அரையிறுதியில ரெண்டு புள்ளியைப் பலகையில ஏத்தாம விட்டது நான். அந்தப் பொண்ணு சரியாத்தான் படிச்சா. திட்டணும்னா விலாசம் இதுதான்.” கணவர் அதை அப்படியே இணையத்தில் போட்டார். அரை மணியில், ‘உண்மை, நான் பக்கத்தில் இருந்தேன்’ என்று கணக்கெழுதும் பெரியவர் கீழே எழுதினார்.

திட்டியவர்களில் சிலர் மன்னிப்புக் கேட்டார்கள். பலர் சத்தமில்லாமல் கழன்றுகொண்டார்கள். மிச்சம் பேர் அக்காவைப் பிடித்துக்கொண்டார்கள். ‘கிழவிக்கு யாராவது கண்ணாடி வாங்கிக் குடுங்கப்பா’ என்ற ஒருவருக்குக் கணவர் பதில் எழுதினார்: ‘வாங்கியாச்சு. இப்படிக்கு, கழுதையின் புருஷன்.’

மறுநாள் பெயரை எடுக்கச் சொல்லி யாரும் வரவில்லை. பலகைச் சாவியைக் கொடுக்கப் போன அக்காவிடமிருந்து பயிற்சியாளர் அதை வாங்க மறுத்தார். இனி ஒவ்வொரு கூடைக்கும் பெரியவர் எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று மட்டும் ஏற்பாடு.

அடுத்த போட்டியன்று பன்னிரண்டாம் எண் மேசைக்கு வந்தாள். கண்ணில் இன்னும் கொஞ்சம் வீக்கம் இருந்தது.

“பலகை சரியா இருக்காக்கா?”

அக்கா நிமிர்ந்து பார்த்தார். இரண்டு பக்கமும் பூஜ்யம்.

“இதுவரைக்கும் சரி. நீ போய்ப் போடு, இந்தத் தடவை நான் கூடையைப் பார்க்கிறேன்.”