இது ஒரு கணினி விளையாட்டைத் தழுவிய கதை

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தோட்டம் செய்கிறவன். ஆனாலும் எங்கள் ஊர்க் கோயிலில் புராணம் படிக்கும் நாட்களில் பயன் சொல்வது நான்தான். ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிப்பார். நான் அதன் பொருளைச் சனங்களுக்கு விளங்கும்படி சொல்வேன். ஒரு பாட்டைக்கூடத் தாண்டிப் போக முடியாது. முருகன் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்ற பயம் இன்றைக்கும் உண்டு.

என் நாவலும் அப்படித்தான் வந்தது. வங்கியில் வேலை செய்யும் என் மகள் ஞாயிறு பின்னேரங்களில் கணினியில் ஒரு விளையாட்டு விளையாடுவாள். ஒரு பெண் மலைக்கோயில் நெருப்பைச் சட்டியில் ஏந்தி, பூதங்கள் காவல் காக்கும் ஏழு கோட்டைகளைக் கடந்து, இருண்டுபோன தன் நாட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். யாரோடு சண்டை பிடிப்பது, யாரை மன்னிப்பது என்பதெல்லாம் விளையாடுகிறவரின் முடிவு. திரையில் வரும் ஆங்கிலத்தை மகள் தமிழில் சொல்வாள். நான் பக்கத்தில் இருந்து கொப்பியில் எழுதினேன். முதலில் பொழுதுபோக்குக்கு. பிறகு விட முடியவில்லை.

தொடக்கத்தில் ஒரு பிழை விட்டேன். மூன்றாம் கோட்டைப் பள்ளத்தில் அந்தப் பெண் பதினொரு தரம் விழுந்து செத்தாள். ஒவ்வொரு தரமும் உயிரோடு எழும்பி வந்தாள். புராணம் படித்த பழக்கத்தில் பதினொன்றையும் எழுதி வைத்தேன்.

“அப்பா, உந்தச் சாவெல்லாம் கதையில்லை. எனக்கு விளையாடத் தெரியாததாலை வந்தது” என்றாள் மகள்.

“நடந்ததைத் தாண்டிப் போறதே?”

“அப்ப பன்னிரண்டாந் தரம் வாசிக்கிற சனம்தான் சாகும்.”

பத்துச் சாவை வெட்டினேன். மிஞ்சிய ஒன்றிலும் செத்தாள் என்பதை விழுந்தாள் என்று மாற்றினேன். பாலத்தடியில் இன்னொரு வில்லங்கம். அங்கே நின்ற கிழட்டுப் பூதத்தை மகள் வெட்டிவிட்டாள். என் மனம் ஆறவில்லை. திரும்பப் போய் மன்னிக்கச் சொன்னேன். மன்னித்தபோது அந்தப் பூதம் அடுத்த கோட்டை வரைக்கும் மழையில் நெருப்புச்சட்டிக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தது. விளையாட்டில் இரண்டு வழியும் உண்டு. நாவலுக்கு ஒன்றுதான். நான் குடையை எடுத்தேன்.

எழுதி முடித்ததும், விளையாட்டைச் செய்த வெளிநாட்டுக்காரருக்கு மகள் கடிதம் போட்டாள். முதல் பக்கத்தில் மூலத்தைச் சொன்னால் போதும், அச்சடிக்கலாம் என்று பதில் வந்தது. ஓம், அப்படியே செய்கிறோம் என்று எழுதச் சொன்னேன்.

எங்கள் வாசிகசாலை மண்டபத்தில் வெளியீடு என்று அழைப்பிதழும் மருதனார்மடத்து அச்சகத்தில் அடித்தாகிவிட்டது. அந்த வாசிகசாலையின் புத்தகங்களை வாசித்துத்தான் எனக்கு எழுத்து வந்தது. அங்கே என் புத்தகம் மேடையேற வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. புத்தகம் அச்சுக்குப் போகும் முன்னர், கையெழுத்துப் பிரதியை வாசித்த வாசிகசாலைத் தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். ஓய்வுபெற்ற ஆசிரியர், ஊருக்கே மாஸ்ரர்.

“தம்பி, கதை நல்லாயிருக்கு. ஒரே மூச்சிலை வாசிச்சன். முதல் பக்கத்திலை உந்த விளையாட்டு எண்ட வரியை மட்டும் எடுத்துவிடுங்கோ.”

“ஏன் மாஸ்ரர்?”

“பொடியள் உதுகளை விளையாடிக் கெட்டுப்போகினம் எண்டு போன வருசம் கூட்டம் வைச்சனாங்கள். இப்ப நாங்களே அதுக்கு மாலை போடுறதே?”

பக்கத்தில் இருந்த பொருளாளர் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. “அடுத்த முறை நாங்கள் இஞ்சை விளையாடுற கரம்போட் ஆட்டத்தையும் நாவலாக்குங்கோ அண்ணை.”

“நீங்கள் தோற்கிறதை மட்டும் எத்தினை பக்கம் எழுதுறது?”

மாஸ்ரர் சிரிக்கவில்லை. “சொந்தக் கதை எண்டு போடுங்கோ. அவங்கள் இஞ்சை வந்தே பாக்கப்போறாங்கள்?”

“அவையள் பாக்காயினம். ஆனா முதல் புத்தகத்தைச் சுவாமிக்கு முன்னாலை வைக்கிறன் எண்டு நேர்ந்திருக்கிறன். பொய்யை எப்பிடி வைக்கிறது?”

“அப்ப மண்டபம் தர ஏலாது, தம்பி.”

நான் தலை குனியவில்லை. வருடா வருடம் சூரன்போர் நாளில் கோயில் வீதியில் மரச்சூரனுக்குத் தலையை மாற்றி மாற்றிச் சண்டை காட்டி, அதைப் பார்த்துக் கைகூப்பி அழுகிற சனம் நாங்கள். அது விளையாட்டென்று யாரும் கேவலமாக நினைப்பதில்லை. நெருப்புச் சுமந்தவள் திரையில் வந்தாள் என்பதற்காக நான் ஏன் வெட்கப்பட வேண்டும்? அவளுக்காகவும் என் கண் கலங்கியதுதானே.

மேசையில் கிடந்த அழைப்பிதழ்க் கட்டை எடுத்தேன். மேலே இருந்த ஒன்றில் மண்டபத்தின் பெயரைப் பேனையால் வெட்டி, ‘எங்கள் வீட்டு முற்றம்’ என்று எழுதி மாஸ்ரரின் கையிலேயே கொடுத்தேன்.

“கட்டாயம் வாங்கோ மாஸ்ரர். மற்றதுகளையும் நான் வெட்டி எழுதோணும். வாறன்.”

புத்தகம் அந்த வரியோடேயே அச்சானது. முதல் பிரதியைக் கோயிலில் வைத்துத் திருநீறு வாங்கிக்கொண்டு வந்து, முற்றத்தில் பாய் விரித்தோம். வந்த சனம் வேலியடி வரைக்கும் நின்றது. பொருளாளர் வரவில்லை. மாஸ்ரர் வந்தார், எல்லாருக்கும் பின்னால் ஒரு கதிரையில் இருந்தார். மகள் முதல் பக்கத்தை வாசித்தாள்.

அந்த வரி வந்ததும், “பின்னாலை இருக்கிற ஆக்களுக்குக் கேட்டிராது, பிள்ளை. இன்னொருக்கா வாசி” என்றேன்.